எல்லை தாண்டிய சமையலறை

கோஷன், இண்டியானா
26 நவம்பர் 2012

அன்புள்ள வெர்னா,

நலம். நீயும் உன் தங்கை ஆர்டிஸும் பாலைவன வெயிலில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தொலைபேசியில் நான் பேசுவதில்லை, வாதாடுகிறேன் என்று நீ சொன்னதால், நீ விரும்பியபடியே எழுத்துமூலம் தெரிவிக்கிறேன்: உள்ளேயே சமைத்துத் தூங்கி ஊர் ஊராக ஓட்டிப் போகும் பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறேன்.

ஊரில் பாதிப் பேர் இந்த வண்டிகளைச் செய்தே பிழைக்கிறார்கள். அப்படியிருந்தும் இன்றுதான் முதல்முறையாக ஒன்றினுள் ஏறினேன். முப்பத்திரண்டு அடி நீளம், பதினான்கு வயது. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அடுப்பு, தொட்டி, அலமாரி உட்பட சமையலறை முழுவதும் சுவரோடு சேர்ந்து மூன்றடி வெளியே நகர்கிறது. வண்டி ஓடும்போது அது உள்ளே இருக்க வேண்டும்.

விற்பவர் ஹார்லன் என்ற ஓய்வுபெற்ற தச்சர். நான் நாற்பத்தொரு கேள்விகளைத் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். பதினேழாவது கேள்வியில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“வக்கீலய்யா, வண்டிய வாங்க வந்தீங்களா, இல்ல என்மேல கேஸ் போட வந்தீங்களா?”

“இரண்டையும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை” என்றேன். அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

இது எவ்விதத்திலும் உன்னைக் கட்டுப்படுத்தாது என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

உண்மையுள்ள,
லோவெல் ஸ்டட்ஸ்மன்

*

குவார்ட்ஸைட், அரிசோனா
4 டிசம்பர் 2012

அன்புள்ள லோவெல்,

மனைவிக்கு எழுதும் கடிதத்தில் குடும்பப் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திடும் ஒரே மனிதர் நீங்கள்தான். வேறு எந்த லோவெல் என்று நான் குழம்பியிருப்பேன் அல்லவா?

உங்கள் கடிதத்தை ஆர்டிஸிடம் படித்துக் காட்டினேன். “அந்த மனுஷன் கூடாரம் வாங்கவே ரெண்டு வருஷம் யோசிச்சாரு. கடைசியில கடையவே மூடிட்டாங்க. இவரு வண்டி வாங்குறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்து அவன் லைசென்ஸ் எடுத்துருவான்” என்றாள். அவளுக்குப் பிள்ளைகளே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

உண்மையிலேயே வாங்குவதாக இருந்தால் கேளுங்கள். சமையலறை நகரும் இடத்தில் தரையை மிதித்துப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஓடி வந்துவிடுங்கள். தொட்டிக்குக் கீழே தலையை விட்டு மோந்து பாருங்கள். பத்து முறை உள்ளே வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். இங்கே மூன்று மாதத்தில் கற்றவை இவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. இந்த வீட்டுவண்டி முகாமில் வண்டி நிறுத்தும் இடம் ஒன்று காலியாகிறது. ஜனவரி பதினைந்து வரை எனக்காக வைத்திருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் வரவில்லை என்றால் என் பெயரில் எடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவேன். மிரட்டல் இல்லை, தகவல்.

காலுறையை மாற்றிப் போடுங்கள்.
வெர்னா

*

கோஷன்
14 டிசம்பர் 2012

அன்புள்ள வெர்னா,

தரையை மிதித்தேன், உறுதியாக இருந்தது. மோந்தேன், வெங்காய வாசனை மட்டுமே. வாங்கிவிட்டேன். வண்டி நம் வீட்டு முகப்பில் நிற்கிறது. இதுவரை நல்ல செய்தி.

மூன்று நாளைக்கு முன் சமையலறையை வெளியே நகர்த்தினேன். அது திரும்ப உள்ளே வர மறுக்கிறது. மோட்டார் முனகுகிறது, சுவர் அசைவதில்லை. இந்நிலையில் வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது. மேலும், அது பக்கத்து வீட்டு டுவைட்டின் எல்லைக்குள் பதினொரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நானே அளந்தேன்.

டுவைட் காபிக் கோப்பையோடு வந்து என் சமையல் ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

“என்ன லோவெல், என் புல்தரைக்கு மேல முட்டை பொரிக்கப் போறியா?”

“இது அத்துமீறல், டுவைட். நீ ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.”

“எனக்கென்னப்பா ஆட்சேபம்? ரெண்டு முட்டையா போடு.”

அவர் பெருந்தன்மை சட்டத்தை மாற்றாது. நம் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை 1994இல் எழுதியவன் நான். ஒன்பதாம் விதி, எல்லையைத் தாண்டி எதுவும் நீளக்கூடாது என்கிறது. சங்கத்தின் சட்ட ஆலோசகனும் நானே என்பதால், எனக்கு நானே பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். இன்று காலை கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன். தபால்காரர் உறையின் இருபுறமும் பார்த்துவிட்டுப் போனார்.

விசாரணை ஜனவரி 12. இங்குதான் சிக்கல். பதினான்காம் விதியின்படி, விசாரணை முடியும்வரை தகராறுக்குரிய பொருளை இருந்த இடத்திலிருந்து நகர்த்தக்கூடாது. அவ்விதியையும் நான்தான் எழுதினேன். மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 12ஆம் தேதிக்குப் பிறகு புறப்பட்டால் 15க்குள் அங்கு வந்து சேர இயலாது. சில நாள் அவகாசம் தர இயலுமா?

வருத்தத்துடன்,
லோவெல்

*

குவார்ட்ஸைட்
21 டிசம்பர் 2012

லோவெல்,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் நானும் ஆர்டிஸும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் தூங்கப் போய்விட்டாள். நான் இன்னொரு முறை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

முப்பத்தாறு வருடமாக நான் எங்காவது போகலாம் என்று சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு காகிதம் குறுக்கே வந்திருக்கிறது. வழக்குத் தேதி, காப்பீடு, வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கம். அப்போதெல்லாம் காகிதத்தின் மேல்தான் கோபப்பட்டேன். இந்த முறை வேறு யாரும் காகிதம் அனுப்பவில்லை. நீங்களே எழுதி, நீங்களே தபால்தலை ஒட்டி, நீங்களே வாங்கிக்கொண்டீர்கள்.

அவகாசம் கிடையாது.

சமையலறை விஷயம் சின்னது. மோட்டார் முனகினால் எங்கோ ஏதோ சிக்கியிருக்கிறது. அதை எடுங்கள். பிறகு அடுப்புக்குக் கீழே பலகையைக் கழற்றினால் கைப்பிடி மாட்டும் துளை இருக்கும். மாட்டிச் சுற்றுங்கள். இங்கே யாருக்காவது சிக்கினால் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்து வெளியிலிருந்து தள்ளுவார்கள். யாரும் அளப்பதில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டுவைட்டுக்கு முட்டை போட்டுக் கொடுங்கள்.
வெ.

*

கோஷன்
2 ஜனவரி 2013

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மறுப்பு எழுத உட்கார்ந்தேன். எழுந்து வண்டிக்குப் போய், எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடினேன்.

சிக்கியிருந்தது என்ன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்டி வாங்கிய ஆவணங்களின் கோப்பு. பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். அது நழுவி, சமையலறை நகரும் தண்டவாளத்தில் விழுந்திருக்கிறது. அதிலிருந்த நாற்பத்தொரு கேள்விகளும் கிழிந்தன.

நான் உள்ளே கைப்பிடியைச் சுற்றினேன், டுவைட் வெளியிலிருந்து தோளால் தள்ளினார்.

“லோவெல், பதினாலாம் விதி என்னாச்சு?”

“மீறிக்கொண்டிருக்கிறேன்.”

“எப்படியிருக்கு?”

“கை வலிக்கிறது.”

“அது விதி இல்லப்பா, வயசு. சுத்து சுத்து!”

உள்ளே வந்துவிட்டது. ஆலோசகர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு வந்த அறிவிப்புக்குப் பதில் எழுதவில்லை. வாழ்நாளில் நான் பதில் எழுதாமல் விட்ட முதல் அறிவிப்பு அது. நாளை காலை புறப்படுகிறேன். மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் ஓட்டமாட்டேன்.

அன்புடன்,
லோவெல்

*

குவார்ட்ஸைட் முகாம், இடம் 88
12 ஜனவரி 2013

அன்புள்ள வெர்னா,

நேற்று பிற்பகலே வந்துவிட்டேன். உன் இடத்திலிருந்து சுமார் இருநூறு அடி தூரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறேன். மன்னித்துவிடு.

நேரே உன்னிடம் வரத்தான் நடந்தேன். நீ நாற்காலியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாய். யாரோ ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. நம் வீட்டில் நீ அவ்வாறு சிரித்ததற்கு என்னிடம் சாட்சியம் இல்லை. உன்னை அழைத்துப்போக வந்தவனாக அங்கே நிற்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எனவே எழுதுகிறேன். எனக்கு நிபந்தனை எதுவும் இல்லை. நீ போகச் சொன்னால் போகிறேன். இதை முகாம் அலுவலகத்துத் தபால் பெட்டியில் போடுகிறேன். திங்கட்கிழமை உனக்குக் கிடைக்கும்.

உன்,
லோவெல்

*

(லோவெலின் வண்டியில், முன் கண்ணாடித் துடைப்பானில் செருகிய சீட்டு)

சனி, மதியம்

லோவெல்,

அலுவலகத்து டோரீன் திங்கள்வரை காத்திருக்கவில்லை. “உன் புருஷன் பக்கத்து வரிசையிலேர்ந்து உனக்குத் தபால் போட்டிருக்காரு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டுக் கையிலேயே கொடுத்துவிட்டாள். நேற்றே உங்கள் வண்டியைப் பார்த்துவிட்டேன். இண்டியானா எண் பலகையோடு, சக்கரங்களுக்கு எட்டுக் கட்டை வைத்து நிறுத்துகிறவர் வேறு யார்?

இடத்தை வியாழக்கிழமையே என் பெயரில் எடுத்துவிட்டேன், ஒரு வருடத்துக்கு. நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்திட்டேன். வரமாட்டீர்கள் என்று நினைத்துப் போட்டிருந்தால் அது கோபத்தில் போட்டதாக இருந்திருக்கும். இது மனதுக்குப் பிடித்துப் போட்ட கையெழுத்து. அதனால் கோஷனுக்கு நான் வரப்போவதில்லை.

ஆனால் இடம் நாற்பதடி. உங்கள் வண்டி முப்பத்திரண்டு. சமையலறையை வெளியே நகர்த்தினாலும் யார்மேலும் இடிக்காது, நடந்து பார்த்துவிட்டேன்.

இப்போதே வண்டியை எடுங்கள். வரிசை குறுகல், பின்னோக்கித்தான் உள்ளே வரவேண்டும். நான் பின்னால் நின்று கை காட்டுகிறேன். கண்ணாடியில் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

வெர்னா