உங்கள் நிறத்துக்கு மை அதிகம்

மைனி,

சூளையை மூட்டிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். அந்த வாடை எழும்பிவிட்டது. சட்டியில் எண்ணெயை வைத்து மறந்துபோனால் வருமே, அதோடு பிளாஸ்டிக் கருகியதும் சேர்ந்த மாதிரி. நீங்கள் போய் ஒரு வருஷம் கடந்துவிட்டது. எனக்கு இன்னும் இது பழகவில்லை. கண் எரிகிறது. எரிகிற கண்ணோடு வேறு வேலை ஓடாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நீங்களும் நானும் சேர்ந்து தொடங்கிய தொழில். செத்தவர்களின் படத்தை டைலில் அச்சடித்து, சுட்டு, கல்லறையில் பதிக்கக் கொடுப்பது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் நாம் சுட்ட முகம் ஒன்றாவது இருக்கும். நான் சுட்டதைவிட நீங்கள் சுட்டதுதான் நன்றாக இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மையைப் பற்றி எனக்குச் சொன்னது நீங்கள்தான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள். "இதில பாதிக்குமேல எண்ணெயாக்கும். நெறம் வெறும் பொடி. எண்ணெய் ஆவியாப் போன பொறவுதான் பொடி டைலில ஒட்டும்." அந்த எண்ணெய் முழுதாக எரியாமல் வெளியே வரும்போதுதான் இந்த நாற்றமும் எரிச்சலும். எண்ணெய் முழுதும் போய்த் தீரும்வரை சூளை மூடிக்கு அடியில் ஒரு செங்கல் துண்டைச் செருகி வைப்போம். அவசரப்பட்டு மூடினால் ஆவி உள்ளேயே முட்டிக்கொண்டு, முகமெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்துவிடும்.

புகைக்குழாயைப் பலாமரத்துக்கு மேலே உயர்த்திக் கட்டினோமே, நினைவிருக்கிறதா? கட்டி முடித்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாடை எங்கயும் போவல்ல பிள்ளே. வீடு மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றீர்கள். அதனால்தான் மூட்டும்போதெல்லாம் மதிலோரம் போய்ப் பக்கத்து வீட்டு மலையாளத்து அக்காவைக் கூப்பிடுவீர்கள். "சேச்சி, இன்னு சூள உண்டு கேட்டோ. துணி எடுத்தோளூ." அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார். நீங்கள் போன பிறகு இரண்டொரு தடவை நான் சொல்ல மறந்தேன். சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்து என் மூக்கருகே நீட்டினார். அவர்மேல் தப்பில்லை.

நீங்கள் இருந்தபோது ஒருமுறை அம்பூரியிலிருந்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் அம்மாவின் படத்தோடு வந்தார். தயங்கித் தயங்கி, "கொஞ்சம் வெளுப்பிச்சுத் தரணும்" என்றார். எல்லாரும் கேட்பதுதான். எனக்கு எரிச்சல் வரும். உங்களுக்கு வராது. "இரிக்கும்போ கறுப்பு, கறுப்புன்னு எத்தன கேட்டிருப்பாவ. செத்த பொறவாவது வெளுப்பா இரிக்கட்டும்" என்று செய்து கொடுத்தீர்கள். அவர் போனதும், "வெளுப்புக்கு மை கொறவு. பொகையும் கொறவு. நமக்குத்தான் லாபம்" என்று சிரித்தீர்கள். உங்களைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே உங்கள் நிறத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிய பேச்செல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். உங்களுக்கு எந்த நிறம் வேண்டும் என்று மட்டும் நான் கேட்டதில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று யார் நினைத்தது.

வருஷ ஜெபத்துக்கு முன்பு அண்ணன் உங்கள் படத்தைக் கொண்டு வந்தார். "எல்லாருக்கும் செய்யுதது போல கொஞ்சம் வெளுப்பிச்சுப் போடு, பிள்ளே" என்றார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. செய்தேன். குழி இல்லை, கறை இல்லை. அண்ணன் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது ஆராக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை, மைனி. உண்மையாகவே கேட்டார். "எனக்கு ஆளு தெரியல்ல பிள்ளே" என்று சொல்லிவிட்டு, டைலை என் கையில் தந்து, படியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கும் அழாத மனிதர், சாவுக்கும் அழாத மனிதர், அன்று அழுதார்.

மறுநாள் உங்கள் நிறத்திலேயே அச்சடித்தேன். டைல்மேல் மை கனமாக விழுந்தது. இவ்வளவு மை போனால் புகை எப்படி வரும் என்று தெரியும். மதிலோரம் போய்ச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா கொடியில் கை வைத்தபடி, "ஆருடெ படமா?" என்று கேட்டார். சொன்னேன். கையை எடுத்துக்கொண்டார்.

"எங்கில் துணி அவிடெ கிடக்கட்டெ."

அன்று அவர் வீட்டுத் துணியெல்லாம் அப்படியே கிடந்தது. புகை அதன்மேல் போய்ப் படிந்தது. செங்கல் துண்டை வழக்கத்தைவிட நெடுநேரம் எடுக்காமல் விட்டேன். ஆறியதும் அண்ணன் வந்து பார்த்து, கன்னத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவி, "இவதான்" என்றார். இப்போது கல்லறையில் இருப்பது அந்தப் படம்.

அதன் பிறகு எனக்கு ஒரு வேலை கூடிப்போயிற்று. யார் வந்து வெளுப்பிக்கச் சொன்னாலும் உள்ள நிறத்திலும் ஒன்று சேர்த்துச் சுடுகிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு எடுங்கள் என்கிறேன். இரண்டு பங்கு மை, இரண்டு பங்கு கண்ணெரிச்சல். அப்படியும் முக்கால்வாசிப் பேர் வெள்ளையைத்தான் எடுத்துப் போகிறார்கள். சண்டை போட எனக்கு முடியவில்லை.

அவர்கள் எடுக்காமல் விட்டுப்போன முகங்களை உடைத்துப் போடக் கை வரவில்லை. உங்கள் அலமாரியில் சேலைகளை எடுத்த இடத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். எல்லாம் நல்ல கறுப்பு முகங்கள். யாரும் கேட்டு வரப்போவதில்லை. ஆனாலும் எவர் முகமும் சுவரைப் பார்த்து இருந்துவிடாதபடி வெளியே திருப்பித்தான் வைக்கிறேன், மைனி.