இளம் செவிலியர் என்று நான் எழுதியது

என் அன்பு வாலுப் பொண்ணுக்கு,

அம்மா எழுதுறது. உடம்புக்கு நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும். மனசைப் பத்திச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போன்ல சொன்னா நீ நடுவுல புகுந்து சமாதானம் சொல்லிடுவே. அப்பாவுக்கு முட்டிவலி குறைஞ்சிருக்கு, என் காலேஜ் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பேரெழுதி ஒட்டுறார், ஐம்பத்து மூணு வயசுல ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தவ மாதிரி இருக்கு.

வார்டுல எல்லாம் மாறிப்போச்சு, மேற்படிப்பு இல்லாதவங்களை இனி ஓரங்கட்டிடுவாங்க, நர்ஸிங்ல முதுகலை சேரும்மான்னு நீதானே பிடிவாதம் பிடிச்சே. சேர்ந்தேன். போன மாசம் பரீட்சைக்கு முந்தின நாள், மத்தியான டூட்டியில மேசைமேல புள்ளியியல் புத்தகத்தைத் திறந்து வச்சிருந்தேன். ஆறாம் கட்டில்ல இருந்த பஸ் டிரைவர், சிஸ்டர் நாக்கு தடிச்ச மாதிரி இருக்குன்னார். நான் அவர் முகத்தைப் பாக்கல, மானிட்டரைத்தான் பாத்தேன். எண்ணெல்லாம் சரியா இருந்தது, ஒண்ணுமில்லை தூங்குங்கன்னு சொல்லிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிட்டேன். பக்கவாதம்டி அது. ஒரு மணி நேரம் கழிச்சு, புதுசா சேர்ந்திருக்கிற சின்ன நர்ஸ் பொண்ணு காய்ச்சல் பாக்கப் போனப்போதான் வாய் கோணியிருந்ததைக் கண்டுபிடிச்சா. உயிர் பிழைச்சுட்டார், வலது கை மட்டும் வரல. அவர் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க இருந்ததாலதான் பிழைச்சார்னு அழுதாங்க. நான் தலையை ஆட்டிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டேன்.

இதோட நின்னிருந்தாலும் பரவாயில்ல. வார்டுல நடந்த தவறு ஒண்ணை எழுதிட்டு வரச் சொன்னாங்க காலேஜ்ல. இதையே எழுதினேன், ஆனா ஒரு இளம் செவிலியர் மானிட்டரை நம்பிவிட்டார்னு எழுதினேன். வகுப்புல முதல் மார்க் எனக்கு. பேராசிரியை மெச்சிப்போய், பயிற்சிக்கு உதவும்னு என் பேரை மட்டும் நீக்கிட்டு அந்தக் கட்டுரையை எங்க ஆஸ்பத்திரிக்கே அனுப்பிட்டாங்க. அன்னிக்கு டூட்டியில இளம் செவிலியர்னா, வாய் கோணினதைக் கண்டுபிடிச்ச அந்தச் சின்னப் பொண்ணு ஒருத்திதான். நாளைக்குப் பத்து மணிக்கு அவளுக்கு விசாரணை. அக்கா, நான் காய்ச்சல் பாக்குறதுக்கு முன்னாடி அந்தக் கட்டில் பக்கமே போகலையேன்னு என்கிட்டயே வந்து அழுறா. எனக்குத் தெரியாதா அது. பாவி நான்.

ஒன்பதரைக்கே மேட்ரன் அறைக்குப் போய் அது நான்தான்னு சொல்லப்போறேன். அப்பாகிட்ட சொன்னேன், யோசிச்சுச் செய்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாப்பாட்டைத் தொடாம எழுந்துட்டார். படிப்பு போகலாம், வேலையும் போகலாம். அதைவிட அந்த டிரைவர் சம்சாரம் முன்னாடி போய் நிக்கிறதுதான் கஷ்டம். படிக்கச் சொன்னதுக்காக உன்மேல பழி போடலடி, புத்தகம் என்ன பண்ணும், கண்ணு என்னோடது.

குளிர்ல காதை மூடிக்கோ, வெறும் வயித்தோட டூட்டிக்குப் போகாதே, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே. ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. உங்கம்மாவுக்கு என்ன வேலைன்னு யார் கேட்டாலும் நர்ஸுன்னு பெருமையா சொல்லுவியே, இனிமே கேட்டா, கொஞ்ச நாளைக்கு எதுவும் சொல்லாதேம்மா.

இப்படிக்கு,
உன் அம்மா