சாயத் துணிக்குத் தனி டயா

வியாழன். தூறல்.
பனியன் கம்பெனி குடோனில் துணி ரோல் அடுக்கும் வேலை. ஒட்டியிருந்த சீட்டெல்லாம் நானே வாசித்தேன். இந்த வயதில் எழுத்து கற்றவனுக்கு இது திருவிழா. மகள் செல்விக்கு இதே கம்பெனியில், மாடியில் கம்ப்யூட்டர் வேலை. இனி செ. என்றே எழுதுவேன். கை வலிக்கிறது.

துணிக் கணக்குக்காக செ. எழுதிய புது சாப்ட்வேரில் கோளாறு. சாயம் போட்டு வந்த துணிக்கும், பின்னியபோது இருந்த அகலத்தையே காட்டுகிறது. அகலத்தை இங்கே டயா என்பார்கள். கட்டிங் மாஸ்டர் வெட்ட மறுத்துவிட்டார். எல்லார் முன்னாலும் என்னிடம், "ஏனுங்க, உங்க புள்ள கம்ப்யூட்டர்ல துணி தண்ணி பட்டாலும் சுருங்காதுங்களா?"
சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு வருத்தம்.
சனிக்குள் சரியாகாவிட்டால் பழைய சாப்ட்வேருக்கே திரும்புவதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் செ.க்கு இங்கே வேலை இல்லை.

வெள்ளி. வெயில். ரேஷன் கடை, மறந்தேன்.
சாப்பாட்டு நேரத்தில் செ. விளக்கினாள். சாப்ட்வேரில் 'துணி' என்பது தாய் வகை. 'சாயத் துணி' அதன் பிள்ளை. தாய்க்கு உள்ளதெல்லாம் பிள்ளைக்குத் தானாக வரும். டயாவும் வந்துவிட்டது. இவள் பிள்ளைக்கென்று இன்னொரு டயாவும் எழுதியிருக்கிறாள். சேமிக்கும்போது இரண்டும் ஒரே பெயரில் ஒரே இடத்துக்குப் போகின்றன. தாயின் அளவு பிள்ளையின் அளவை அழித்துவிடுகிறது.
திரையில் பெயரை மாற்றிப் பார்த்தாளாம். பயனில்லை. உள்ளே சேமிக்கும் பெயர் பழையதுதான்.
தாயுடையதை எடுத்துவிடு கண்ணு என்றேன்.
"எடுத்தா மத்த துணிக்கெல்லாம் டயாவே இல்லாம போயிருங்கப்பா. பிள்ளைக்கு உள்ளயும் வேற பேரு வெக்கோணும்."
எனக்குப் புரிந்துவிட்டது. அதில் ஒரு சந்தோஷம்.

சனி. வெயில். முழங்கால் வலி.
பெயர் வைத்தாயிற்று. ஆனால் அழிந்த அளவுகள் திரும்பி வராதாம். நல்லவேளை, மாஸ்டரின் பிடிவாதத்தால் சாயத் துணி ஒரு ரோல்கூட வெட்டுப்படாமல் கிடந்தது. மறுபடி அளந்தோம். செ. டேப் பிடித்தாள். நான் எண்ணை வாசிக்க, அவள் ஏற்றினாள்.

மாலை மாஸ்டர் வந்தார். ஒரு ரோலை அவரே அளந்தார். திரையைப் பார்த்தார். இன்னொன்று. அதுவும் சரி. ஆட்களைக் கூப்பிட்டு, "விரிங்க, வெட்டலாம்."
முதலாளி தலையாட்டினார். திங்கள் முதல் இந்த சாப்ட்வேர்தான். செ.யும் இங்கேதான்.
அப்பாடா.

கட்டிங் மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். செ. ரோல் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாஸ்டர் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டுப் போகிறார்.