இடது முழங்கால்

மனோர் பார்க்,
லண்டன்.
14 ஒக்டோபர்

அன்பின் றெஜினோல்டுக்கு,

கிறிஸ்துராஜா எழுதிக்கொள்வது. ஸ்காபரோவில் நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே சுகமில்லை. எனக்கு மேல்வரிசையில் இரண்டு பல் போய்விட்டது, சொண்டில் ஆறு தையல். தம்பி றொனால்ட் றிமாண்டில் இருக்கிறான்.

எங்கள் உதைபந்தாட்ட லீக்கின் தலைவர் பாலேந்திராவை உனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு மேட்சுக்கும் ஆட்டக்காரர் பெயர் போட்ட புரோகிராமை நான்தான் அடித்தேன். மை காயாத தாளை மடித்து, ஸ்டேப்பிள் குத்தி, ஞாயிறு வாசலில் நின்று கொடுப்பேன். கடைசி நேரத்தில் ஆள் மாறினால் சனம் பேனையால் பெயரை வெட்டி எழுதும். மழையில் நனைந்ததை ஹீற்றர் மேல் காயவைத்துச் சேர்த்தவர்களும் உண்டு. போன வருடம் பாலேந்திரா, இனி எல்லாம் போனிலை பாருங்கோ என்று நிறுத்திவிட்டார். உங்கடை பேப்பர் வடை சுத்தத்தானே அண்ணை உதவுது என்று கூட்டத்தில் கேட்டார். சிரித்த ஒவ்வொருவரின் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் ரசிகர் இதழைத் தொடங்கினேன். எட்டுப் பக்கம், புனைபெயர். அதில் ‘இந்தக் கிழமைக் கால்’ என்று ஒரு பக்கம். எதிரணி ஆட்டக்காரன் ஒருவனின் காலை நக்கலடித்து எழுதுவேன். மேட்சுக்கு முன் எங்கள் பெடியள் உடுப்பு மாற்றும் அறையில் அதைச் சத்தமாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. இண்டைக்கு ஆற்றை காலடா என்று கத்துவார்களாம். வாசிப்பது றொனால்ட். இங்கே வளர்ந்தவன், தமிழ் வாசிக்கத் தடுமாறுவான். என் எழுத்தை மட்டும் தடுமாறாமல் வாசிப்பான்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, குட்மேய்ஸ் மைதானம். அந்தக் கிழமை எதிரணியில் ஆடிய பாலேந்திராவின் மகன் சயந்தனின் கால். நான் நக்கல் எழுதவில்லை. இடது முழங்காலில் பழைய ஒப்பரேஷன், அதில் ஒருமுறை சரியாக ஏறினால் தகப்பனுக்கும் நோகும் என்று எழுதினேன்.

இருபதாவது நிமிடம் றொனால்ட் இரண்டு காலாலும் பாய்ந்தான். பந்து பக்கத்திலேயே இல்லை. முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. விழுந்து கிடந்தவனின் அதே முழங்காலில் இன்னும் இரண்டு தரம் மிதித்தான். எலும்பு வெளியே தெரிந்தது. பிறகு மைதானம் முழுக்க அடிபாடு. மைதான மூலையில் நட்டிருந்த கோணர்க் கொடிக் கம்பால் என் வாயில் அடித்தவன் பாலேந்திராவின் மருமகன். பாலேந்திரா யாரையும் அடிக்கவில்லை. மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை. உனக்குப் பொய் எழுத விருப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் சயந்தனின் காலை எடுத்துவிட்டார்கள்.

மேட்ச் நடந்த அன்று பின்னேரமே வீடு வீடாகப் போய் இதழ்களை வாங்கி எரித்தேன். கணினியிலும் அழித்தேன். ஆர் தூண்டினது என்று பொலிஸ் கேட்க, ஒருத்தரும் இல்லை என்றானாம் றொனால்ட். தூண்டியவனைக் காட்டினால் தண்டனை குறையலாம் என்கிறார் லோயர். ஆனால் நான் வாயால் சொன்னால், தம்பியைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்களாம். எழுதிய தாளே சாட்சியாக வேண்டுமாம். நேற்று றொனால்டைப் பார்க்கப் போனேன். அண்ணை, அடுத்த இதழிலை என்னைப் பற்றி எழுதுவியளோ என்று கேட்டான். கூட வந்திருந்த அவன் மனைவி இம்மாகுலேற் எழும்பி வெளியே போய்விட்டாள். அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

மேட்சுக்கு முதல்நாள் வழமைபோல உனக்கு ஒரு பிரதி தபாலில் போட்டேன். உன் தொகுப்புக்காக நீ கேட்டபடி, அதில் மட்டும் என் சொந்தப் பெயரில் கையொப்பமும் திகதியும் இருக்கின்றன. அதைத் தபால் முத்திரை குத்திய உறையோடு லோயருக்கு அனுப்பிவிடு. லோயரின் விலாசம் மறுபக்கத்தில். எனக்கு அனுப்பாதே மச்சான். என் கைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

உன் சகோதரங்களை ஆண்டவர் உன் பக்கத்திலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கிறிஸ்துராஜா