கடைசி இரண்டு நிமிடம்

இர்விங், டெக்ஸஸ்
13.10.1996

அன்புள்ள அம்மாவுக்கு எழில் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குச் சளி விட்டுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன்.

எங்கள் காலேஜ் ரேடியோவில் சனிக்கிழமை காலையில் நான் தமிழில் பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டீர்களே, உங்களுக்காக நேற்று அதைப் பதிவு செய்தேன். அதில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, பதறாதீர்கள். பையில் ஒரே மாதிரி இரண்டு கேசட் இருந்தன. அவசரத்தில், அப்பா உயிரோடு இருந்தபோது பேசி அனுப்பிய கேசட்டின் மேலேயே பதிவு செய்துவிட்டேன்.

அவர் பேசியது அந்த ஒரு பக்கம், முப்பது நிமிடம்தான். என் நிகழ்ச்சி இருபத்தெட்டு நிமிடம் என்பதால் கடைசி இரண்டு நிமிடம் அழியவில்லை.

"வேற என்ன சொல்றது? டேப் இன்னும் ஓடுதா?" என்று அப்பா கேட்கிறார்.

"ஓடுதுங்க, பேசுங்க" என்கிறீர்கள் நீங்கள்.

அப்புறம் அவர் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் வருகிறது. காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பருப்புப் பொடி அனுப்பும்போது நீங்களும் ஒரு கேசட்டில் பேசி அனுப்புங்கள். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிவாகாது. பேசி முடித்ததும் மறக்காமல் உடைத்துவிடுங்கள். எனக்கு முன்பே தெரியும், செய்யாமல் விட்டேன்.

கீழே தோழி காரில் ஹாரன் அடிக்கிறாள், போக வேண்டும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், டேப் தீரும்வரை நிறுத்தாதீர்கள் அம்மா.

எழில்