நான் சிவப்பு மையால் வெட்டிய வரிகள்

இஞ்சருங்கோ,

ஊருக்கு நீங்கள் கூத்துப் பழக்கும் சவிரிமுத்து அண்ணாவியார். எனக்கு நாற்பத்தொரு ஆண்டும் இந்த ஒரு சொல்தான். கோவிற் பத்திரிகையில் எல்லோரும் படிக்கப்போகும் கடிதத்தை இப்படித் தொடங்கலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். வேறு எப்படி அழைத்தாலும் நீங்கள் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள் என்று பட்டது.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் போன இந்த இரண்டு ஆண்டுக்குள் பூசை தமிழுக்கு மாறிவிட்டது. சுவாமியார் சனத்தைப் பார்த்து நின்று பூசை வைக்கிறார். லத்தீனில் எனக்கு விளங்கிய சில இடங்கள் இப்போது தமிழில் விளங்கவில்லை. மொழிபெயர்த்தவர் யாரென்று நான் கேட்கவில்லை, கேட்டால் சண்டை வரும். உங்கள் தம்பி அந்தோனி வள்ளத்துக்கு யந்திரம் பூட்டியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு மீன் ஓடிவிடுகிறதென்று கரையில் ஏசுகிறார்கள். வள்ளம் நிறைந்து வருகிற நாளில் ஒருவரும் ஏசுவதில்லை.

வேதசாட்சியான கன்னியைப் பற்றிய உங்கள் கன்னி நாடகத்தைப் புத்தகமாக அச்சிடச் சுவாமியாரும் ஊராரும் தீர்மானித்தார்கள். உங்கள் கொப்பியைப் பார்த்து நான் எழுதிவைத்த சுத்தப்பிரதிதான் மூலம். நாடகத்துக்கு முன்னால் 'அண்ணாவியாரின் வாழ்வும் பணியும்' என்று நாலு பக்கம் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எத்தனை கூத்துப் பழக்கினீர்கள், எந்தெந்தக் கரையில் மேடையேற்றினீர்கள், யார் யார் உங்களிடம் படித்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. 'தமது பாட்டு எங்கள் கரைகளைத் தாண்டி அயலார் வாயில் போகாதபடி காத்த கலைஞர்' என்றும் ஒரு வரி பெருமையாக எழுதியிருந்தேன்.

அந்த நாலு பக்கத்தையும் போன கிழமை கிழித்துப்போட்டேன். புத்தகம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் இந்தக் கடிதமே பதில்.

முரசுமோட்டையிலிருந்து தந்தி வந்தது. கந்தையாவின் இளைய மகள் மகேசு வயலில் பாம்பு தீண்டி இறந்துவிட்டாள். பதினேழு வயது. ஆண்டுதோறும் மாரி முடிய நீங்கள் கருவாட்டு மூட்டையோடு போய், நெல்லு வாங்கிக்கொண்டு வந்த வீடு. உங்கள் அடக்கத்துக்கு அந்தக் குடும்பம் பஸ்ஸில் இடித்து நெரிந்து வந்து, கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. அவர்கள் வீட்டுச் சாவுக்கு நான் போகாமல் இருக்கலாமா? முதல் பஸ்ஸில் ஏறினேன். அதுவரை ஒரு நாளும் நான் அங்கே போனதில்லை. நீங்களும் கூப்பிட்டதில்லை.

போய் இறங்கியபோது பறை கேட்டது. முற்றத்தில் பந்தல். உள்ளே பெண்கள் பிள்ளையைச் சுற்றியிருந்து தோளில் தோள் சாய்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் வாசலோரம் சுவரில் சாய்ந்து நின்றேன். சைவர் வீட்டு ஒப்பாரி எனக்குப் பழக்கமில்லை. கன்னியர் மடத்தில் படித்த நாளில் சத்தம் போட்டு அழுவது நம்பிக்கைக் குறைவு என்று சொல்லித் தந்தார்கள். அதைச் சரியென்றே இத்தனை காலமும் வைத்திருந்தேன்.

அப்போது மகேசுவின் தாய் பறுவதம் தலையை நிமிர்த்திப் பாடினாள்.

'பெத்தவள் நான் நிக்கையிலே பிள்ளையை ஏன் கேட்டீர்
சொத்தெல்லாம் உமக்கிருக்கச் சோத்துப்பானை ஏன் தொட்டீர்'

உங்கள் மெட்டு. உங்கள் வரி. கன்னி நாடகத்தில், வேதத்துக்காக வெட்டுண்ட மகளின் தலைமாட்டில் தாய் பாடும் புலம்பல். அது மட்டுமா? அந்த வரி எந்த மேடையிலும் பாடப்படாத வரி. சுத்தப்பிரதி எழுதிய அன்று, மேடைக்கு ஆகாது என்று உங்கள் கொப்பியில் நான் சிவப்பு மையால் வெட்டிய பதினான்கு வரியில் முதல் இரண்டு வரி. உலகத்தில் உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்த வரி.

அன்று நாம் கதைத்தது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"இஞ்சருங்கோ, ஒரு வேதசாட்சியின்ர தாய் சோத்துப்பானையைப் பற்றிக் கதைப்பாவோ?"

"வேற எதைப் பற்றிக் கதைப்பா?"

"ஆண்டவரை மறிச்சுவைச்சு நியாயம் கேக்கிறா. சந்தையில மீன் விக்கிறவள் மாதிரி இருக்கு."

"மீன் விக்கிறவளுக்கும் பிள்ளை சாகும், திரேசு."

"சாகட்டும். மேற்றிராணியார் முன்வரிசையில இருக்கேக்கை இதைப் பாடேலாது."

நீங்கள் என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தீர்கள். பிறகு, "சரி, மடத்து ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டீர்கள். அந்தப் பதினான்கு வரிக்குப் பதிலாக நானே எட்டு வரி எழுதிச் சேர்த்தேன். 'பரமனே உமது சித்தம் பாரினில் நிறைவே றட்டும்' என்று தொடங்கும். நல்ல வரிகள் என்று நினைத்திருந்தேன்.

பிள்ளையைக் கொண்டுபோனார்கள். ஆண்கள் சுடலைக்குப் போக, பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். கந்தையாவின் தங்கை செல்லம் கிணற்றடியில் எனக்குத் தண்ணீர் அள்ளித் தந்தாள். வாய்த் துடுக்கான பெண் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், சரிதான். செத்தவீட்டில் கேட்கக்கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்டேன்.

"பறுவதம் பாடினது ஆரிட்டைப் பழகினது?"

"அதோ? எங்கட கருவாட்டண்ணை தந்தது."

கருவாட்டண்ணை! மூன்று கரைகளில் கதிரை போட்டு மரியாதையாக இருத்திய அண்ணாவியாருக்கு அங்கே அதுதான் பெயர்.

"அவர் பெரிய அண்ணாவியார் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"ஆர், அவரோ?" செல்லம் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "பகிடிவிடாதேங்கோ அக்கா. அந்த மனிசன் இஞ்ச ஒரு நாளும் பாட்டெண்டு பாடினதில்லை. சூடடிக்கிற களத்தில இருந்து பகிடிக்கதை சொல்லுவார், அவ்வளவுதான். பறுவதத்தின்ர மூத்தது காய்ச்சலில செத்த நேரம் அவர் இஞ்ச நிண்டவர். அவளுக்கு அழவும் வரேல்லை, பேயறைஞ்ச மாதிரி இருந்தாள். பக்கத்தில குந்தியிருந்து மெல்லமா மெட்டோட இதைச் சொன்னார். அதுக்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதவள். அண்டையிலயிருந்து முரசுமோட்டையில இதைப் பாடாத செத்தவீடு இல்லை. என்ர மகளை விசுவமடுவில கட்டிக் குடுத்தது, அங்கையும் இந்தப் பாட்டுப் போயிட்டுது."

"இது என்ன பாட்டெண்டு நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேட்டன். 'வீட்டுக்காரி வேண்டாமெண்டு கழிச்சது' எண்டு சொன்னார். 'கழிச்சதை ஏன் அண்ணை எங்களுக்குத் தாறியள்' எண்டு கேட்டன். 'கரைவலையில கழிச்ச மீனைத்தானே நான் கருவாடாக்கி உங்களுக்குக் கொண்டுவாறன், ஒரு நாளாவது குறை சொன்னனீங்களோ' எண்டு ஒரே சிரிப்பு."

எனக்கு முகம் சிவந்தது. நமக்குள் நடந்ததைக் கருவாட்டோடு சேர்த்து ஊர் ஊராக விற்றிருக்கிறீர்கள் என்று உங்கள் மேல் கோபம் வந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு புறப்பட இருந்தேன். செல்லம் என் கையைப் பிடித்தாள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. பழிச்சுச் சொல்லேல்லை அவர். பேந்தொரு நாள் சொன்னவர், இது தன்ர பாட்டில்லையாம். உங்கட வாயால வந்ததாம். உங்கட பிள்ளையின்ர செத்தவீட்டு அண்டைக்கு."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். தெரிந்த வரியெல்லாம் சொல்லும்படி செல்லத்திடம் கேட்டேன்.

படிக்கிறவர்கள் அறியவேண்டும். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள், செலின். ஏழு வயதில் இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. கன்னி நாடகம் அதற்கு ஐந்து ஆண்டு பிந்தியது. அந்த அடக்க நாளில் நான் அழவில்லை என்றுதான் இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை. எனக்கு நினைவிருப்பது அதுதான்: வெள்ளைச் சேலை, செபமாலை, நேராக நின்றது, மடத்துச் சகோதரிகள் என்னைப் பாராட்டியது.

திரும்பி முல்லைத்தீவுக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அந்தோனி வீட்டுக்குப் போனேன். இருபது ஆண்டு மேடையில் சேலை கட்டி அந்தத் தாயாக நடித்தவர் அவர்தானே. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அந்தோனி, செலினை அடக்கம்பண்ணின அண்டைக்கு நான் என்ன செய்தனான்?"

வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன் மச்சாள் இப்ப அதைக் கேக்கிறியள்?"

"சொல்லுங்கோ."

"கோவிலால வந்து நேர குசினிக்குள்ள போனீங்கள். அரிசி கழுவிப்போட்டு நிண்டனீங்கள். பேந்து உலைப்பானையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கத்தினீங்கள். ஆண்டவரைப் பேசினீங்கள், மச்சாள். நாங்கள் ஆம்பிளையள் வெளிய நிண்டு கேட்டுக்கொண்டிருந்தம். அண்ணைதான் கதவைச் சாத்தினவர். அடுத்த நாள் விடிய எழும்பி ஒண்டும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி ஊத்தித் தந்தீங்கள். அவவுக்கு ஞாபகமில்லை, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கக்கூடாதெண்டு அண்ணை சத்தியம் வாங்கினவர்."

அவர் வலையை ஒதுக்கிவைத்துவிட்டு மேலும் சொன்னார்.

"முதல் ஒத்திகையில எனக்கு அந்த வரியளைத்தான் சொல்லித் தந்தவர். பேந்து நீங்கள் திருத்தின கொப்பி வந்தது. மச்சாள், கோவிக்கமாட்டியள் எண்டால் ஒண்டு சொல்லுறன். உங்கட எட்டு வரி பாடேக்கைதான் சனம் எழும்பிக் கடலை வாங்கப் போறது."

கோவிக்கவில்லை. சிரிப்புக்கூட வந்தது.

இஞ்சருங்கோ, நான் வெட்டியபோது ஏன் பேசாமல் இருந்தீர்கள்? "இது நீ சொன்னதடி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தீர்களா? அல்லது எனக்கே தெரியாமல் என் அழுகையைத் தாளில் எழுதி என் முன்னே வைத்துப் பார்த்தீர்களா, கண்டுகொள்கிறேனா என்று? நான் கண்டுகொள்ளவில்லை. மீன் விற்கிறவள் மாதிரி இருக்கிறதென்றேன். அப்போது நீங்கள் என் முகத்தைப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் பொருள் தெரிகிறது.

இன்னொன்றும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணாவியாரை அவருடைய கைத்தாளத்தோடு அடக்கம் செய்வது எங்கள் ஊர் வழக்கம். பெட்டிக்குள் நான் தாளத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்துக் கொப்பியையும் வைத்துவிட்டேன். மை கொட்டி, அடித்துத் திருத்தி, கருவாட்டு மணம் பிடித்த கொப்பி. சுத்தப்பிரதி என்னிடம் இருக்கிறதே என்ற நினைப்பு. இன்னொரு அண்ணாவியார் கையில் அது போய்விடக்கூடாது என்ற நினைப்பும் இருந்தது, மறைக்கவில்லை. வெட்டிய வரிகள் தாளில் இருந்தது அந்த ஒரு கொப்பியில்தான்.

மறுநாள் காலை சுவாமியாரிடம் போய், அச்சுக்கு அனுப்பவேண்டாம் என்று சொல்லிப் பிரதியை வாங்கிவந்தேன். இளம் சுவாமியார், பொறுமையாகக் கேட்டார். "உங்கட வரியளும் பக்தியாத்தானே அம்மா இருக்கு?" என்றார். "ஓம் சுவாமி, பக்தியாத்தான் இருக்கு. அது ஒரு தாய் சொன்னதில்லை" என்றேன். உங்கள் நினைவு நாளுக்குப் புத்தகம் வராது என்று ஊரில் முணுமுணுப்பு இருக்கிறது. இருக்கட்டும். என் எட்டு வரியையும் அதே சிவப்பு மையால் வெட்டிவிட்டேன். கோடு நேராக வரவில்லை.

முரசுமோட்டையில் எட்டு வரி இருக்கிறது. செல்லம் சொல்லச் சொல்லக் கிணற்றடியிலேயே மனதில் வாங்கிக்கொண்டேன்.

'அரிசி கழுவிவைச்சன் அவளுக்கும் சேர்த்தல்லோ
உரிசை பார்க்க ஆளில்லை உலையைநான் இறக்கட்டோ'

என்பது அதில் இரண்டு வரி. அந்தோனிக்கு இன்னும் இரண்டு வரி நினைவிருக்கிறது. மிச்சம் நாலு வரி ஒருவரிடமும் இல்லை. அவை என் வாயால் வந்தவை. எனக்கே தெரியவில்லை. நாலு நாளாகக் குசினிக்குள் தனியே நின்று பார்க்கிறேன், வரவில்லை.

மகேசுவின் முப்பத்தோராம் நாளுக்குப் பறுவதம் என்னை வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். இந்த முறை வாசலில் நிற்கமாட்டேன், அவளுடைய பக்கத்தில் இருப்பேன். அவள் தொடங்கும்போது நானும் சேர்ந்து பாடுவேன், சத்தமாக. அந்த நாலு வரியும் அப்போது வருமோ வராதோ, அறியேன். வந்தால் எப்படி வருகிறதோ அப்படியே புத்தகத்தில் எழுதுவேன், ஒரு சொல்லிலும் கை வைக்கமாட்டேன். வராவிட்டால் அந்த நாலு வரிக்கும் இடம் விட்டு அச்சிடச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
செலினின் அம்மா