சுவரில் தட்டிய பெயர்

"அவளின்ர பெயரை முதல்ல சொன்னது ஆர், மாஸ்டர்?"

இன்று காலை, நான் இப்போது வசிக்கும் வெரிபீ வீட்டில் தண்ணீர்க் குழாய் டொக் டொக்கென்று அடித்தபோது, நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி திரும்பி வந்தது. உங்கள் உடைந்த ஆங்கிலம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது.

எழுபதுகளில் ஃபுட்ஸ்கிரே புறநகரில் நாம் அயலவர்கள். நீங்கள் எண்பது தாண்டிய ரஷ்யர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த கணித ஆசிரியன். ஒரு மாலை உங்கள் குசினி அடுப்பருகே வகுப்புக் கதை ஒன்றைச் சிரித்தபடி சொன்னேன். பள்ளிக்குக் கள்ளமடித்துக் கடற்கரைக்குப் போன ஐவரை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். நால்வர் பிடிபட, முன்னதாகவே வீடு திரும்பிய கிரேக்கப் பெண் மட்டும் தப்பினாள். அவளோடு வகுப்பில் ஒருவரும் பேசுவதில்லை. பள்ளியை விட்டே நிற்கப் போகிறாளாம்.

"தப்பினவள்தானே சொல்லியிருப்பாள்? சின்னக் கணக்கு. ஆசிரியர் அறையிலயும் சொன்னனான்."

நீங்கள் சிரிக்கவில்லை. கதிரையை அருகே இழுத்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். பிறகு உங்கள் கதையைச் சொன்னீர்கள்.

ஜார் மன்னர் காலத்தில் நீங்கள் ஐவர் இரகசியமாக ஆட்சிக்கு எதிரான துண்டுப்பிரசுரம் அச்சடித்தீர்கள். பொலிஸ் நால்வரைப் பிடித்தது. மை வாங்கப் போயிருந்த உங்கள் நண்பர் மட்டும் தப்பினார். சிறையில் ஆளுக்கொரு அறை. எழுத்துக்கு இத்தனை தட்டு என்று சுவரில் தட்டித்தான் பேச்சு. இடப்பக்கச் சுவரில் நண்பரின் பெயர் வந்தது: அவன்தான் காட்டிக்கொடுத்தவன். அந்தப் பெயரை மேசையில் விரலால் தட்டிக் காட்டினீர்கள், ஓர் எழுத்தும் விடாமல்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"வலப்பக்கச் சுவரில தட்டினன்."

செய்தி வெளியே போனது. நண்பருக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. பனி உருகியபோது ஆற்றில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். ஆட்சி விழுந்து பொலிஸ் கோப்புகள் வெளிவந்த பிறகுதான், இடப்பக்க அறைக்காரனே உளவாளி என்று தெரிந்தது. சந்தேகம் வராதிருக்க அவனையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள்.

"அவன் ஒரு சுவரிலதான் தட்டினவன். மற்றச் சுவரில தட்டினது நான், மாஸ்டர்."

வேலிக்கு அப்பால் என் மனைவி, "இஞ்சருங்கோ, சாப்பாடு ஆறுது!" என்று கூப்பிட்டாள். நான் அந்தப் பெயரை மேசையில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு எழும்பினேன்.

மறுநாள் வகுப்பில் உங்கள் கேள்வியைக் கேட்டேன். ஒருவர் மற்றவரைக் காட்ட, விரல்கள் நகர்ந்து நகர்ந்து பிடிபட்ட நால்வரில் ஒருத்தியிடம் நின்றன. அவள் அழுதாள். நீதானா என்று நான் கேட்கவில்லை. இன்னொரு பெயரைத் தட்ட எனக்கு மனமில்லை. நேரே ஆசிரியர் அறைக்குப் போய், நான் சொன்னது பிழை என்றேன். கிரேக்கப் பெண் அந்த ஆண்டை முடித்தாள்.

உங்கள் நண்பரின் பெயர் இன்னும் என் விரலில் இருக்கிறது.

இதைப் படிப்பவரே, இனி ஒருவர்மேல் பழி கேட்டால், அடுத்தவரிடம் சொல்லுமுன், முதலில் சொன்னது யார் என்று கேட்டுப் பாருங்கள்.